ஃபார்மட் அடிக்கும் முன்

ஊர்தோறும் கணினிக் கடைகளில் பழுது பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,

பழைய கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கடைக்கு வருகிறார். “ரொம்ப ஸ்லோவா இருக்கு” என்கிறார். நம் கடைகளில் அதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் தயாராக இருக்கிறது: “ஃபார்மட் அடிச்சிடலாம், சரியாயிடும்.” அவர் சொன்னதற்கும் நாம் சொல்வதற்கும் நடுவே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்தக் கணினி எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் அது. அரை மணி நேரம்கூடப் பிடிக்காது. ஆனாலும் செய்யாமல் விடுகிறோம். உங்களைப் போலவே இந்தத் தொழிலில் சோறு தின்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கணினிக்கு வயதானால் வேகம் குறைந்துவிடும் என்று மக்கள் நம்புகிறார்கள். நாமும் ஆமாம் போடுகிறோம். பிராசசருக்கு அப்படி வயதாவதில்லை. 2012-ல் 2.5 கிகாஹெர்ட்ஸில் ஓடிய சிப், சூடும் மின்சாரமும் சரியாக இருந்தால் இன்றும் அதே 2.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும். ராமும் அப்படித்தான். வேகம் குறைந்திருக்கிறது என்றால் தனியாக ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க் தாமதிக்கலாம், ராம் போதாமல் இருக்கலாம், சூட்டுக்குப் பயந்து பிராசசர் தன்னைத் தானே குறைத்துக்கொண்டிருக்கலாம், வேண்டாத நிரல் பின்னால் ஓடலாம். இவை எதுவுமே இல்லாமல், அதன்மேல் நாம் ஏற்றும் சுமையே கூடியிருக்கலாம். பெரும்பாலும் இவ்வளவுதான் சாத்தியங்கள். எது என்று தெரியாமல் ஃபார்மட் அடிப்பது, இருக்கிற தடயத்தையும் அழிப்பதாகும்.

முதலில் வாய்விட்டுக் கேளுங்கள். “எப்ப ஸ்லோ ஆகுது அக்கா? ஆன் பண்ணும்போதா, கொஞ்ச நேரம் ஓடின பிறகா?” இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். ஆன் செய்ததும் பத்து நிமிடம் திணறி, பிறகு ஓரளவு சரியாகிறது என்றால் ஹார்ட் டிஸ்கையும் ஸ்டார்ட்அப்பில் ஏறும் நிரல்களையும் பாருங்கள். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு படுத்துவிடுகிறது என்றால் சூட்டைப் பாருங்கள். நான்கைந்து டேப் திறக்கும்வரை நன்றாக இருந்து, அடுத்ததில் நின்றுபோனால் ராம். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்ததா, ஒரு நாள் திடீரென்று குறைந்ததா என்றும் கேளுங்கள். திடீரென்று என்றால் அதற்கு முன் என்ன நடந்தது? ஏதாவது புதிதாக நிறுவினார்களா, கீழே விழுந்ததா, மின்சாரம் போய் வந்ததா?

“ஸ்லோ” என்று அவர் சொல்வது இணையமாகவும் இருக்கலாம். போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால், ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் வங்கித் தளமும் ஜிமெயிலும் திறக்காது. “நெட்டே வர மாட்டேங்குது, சிஸ்டம் பழசாயிடுச்சு” என்று கணினியையே மாற்றத் துணிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாணய பேட்டரியில் முடிய வேண்டிய விஷயம் அது.

பிறகு கணினியை ஆன் செய்து, எதையும் தொடாமல் பாருங்கள். விண்டோஸ் 8-லிருந்து டாஸ்க் மேனேஜரிலேயே ஹார்ட் டிஸ்க் பற்றிய பக்கம் இருக்கிறது. விண்டோஸ் 7 என்றால் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறக்க வேண்டும். நம் தம்பிகளில் பலர் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவப்பாகத் தெரிவதைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த எண் மட்டும் போதாது. பக்கத்தில் இருக்கும் இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: வினாடிக்கு எத்தனை எம்பி நகர்கிறது, சராசரி ரெஸ்பான்ஸ் டைம் எத்தனை மில்லி வினாடி.

ஏன் என்று சொல்கிறேன், இந்தத் தொழிலில் அதிகம் பயன்படும் கணக்கு இது. பழைய மடிக்கணினிகளில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் டிஸ்க். வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி வினாடி. வேண்டிய தகவல் ஹெட்டுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றாவது ஆகும், ஐந்தரை மில்லி வினாடி. அதற்கு முன் ஹெட் சரியான தடத்துக்கு நகர வேண்டும், அது ஒரு பன்னிரண்டு மில்லி வினாடி. ஆக, அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கச் சொன்னால் வினாடிக்கு அறுபது துண்டுக்கு மேல் அந்த டிஸ்கால் முடியாது. ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்றால் வினாடிக்குக் கால் எம்பி! டிஸ்க் முழு மூச்சாக உழைக்கிறது, 100 சதவீதம் காட்டுகிறது, ஆனால் வந்து சேர்வது கால் எம்பி, அரை எம்பி. ரேஷன் கடையில் ஒவ்வொரு அட்டைக்கும் ஊழியர் எழுந்து பின்னறைக்குப் போய் ஒரே ஒரு பொருளை எடுத்துவந்தால் வரிசை எப்படி நகரும்? அப்படித்தான். பெரிய சினிமாக் கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கச் சொன்னால் அதே டிஸ்க் வினாடிக்கு 80, 100 எம்பி கொடுக்கும். விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சிதறிய துண்டுகளை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் ஒன்றுமில்லை, ஒரு துண்டுக்கு 0.1 மில்லி வினாடி அளவே ஆகும். பழைய கணினியில் எஸ்எஸ்டி போட்டதும் ஆளே மாறியதுபோல் ஓடுவது இதனால்தான். இரண்டாம் தலைமுறை சாட்டா போர்டாக இருந்தாலும், உச்ச வேகம் பாதியாகக் குறைந்தாலும், இந்தத் துண்டுக் கணக்கில் கிடைக்கும் லாபம் அப்படியே கிடைக்கும். “இந்த போர்டுக்கு எஸ்எஸ்டி வேஸ்ட்” என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

இனி ரெஸ்பான்ஸ் டைம். நல்ல நிலையில் உள்ள சுழலும் டிஸ்க் பத்து, இருபது மில்லி வினாடியில் பதில் சொல்லும். சுமை கூடினால் ஐம்பது, நூறு ஆகலாம். எந்த வேலையும் கொடுக்காதபோதே ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று நின்றால் அது வேகப் பிரச்சினை இல்லை. டிஸ்க் சாகிறது என்று பொருள். ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் டிஸ்க் மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருக்கிறது. அந்த முயற்சி முடியும்வரை விண்டோஸ் மொத்தமும் உறைந்து நிற்கிறது. மவுஸ் நகரும், எதையும் திறக்க முடியாது. ஈவென்ட் வியூவரில் டிஸ்க் பற்றிய 7, 129, 153 ஆகிய எண்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 05, சி5, சி6 வரிசைகளைப் பாருங்கள். சி5-ல் சைபருக்கு மேல் ஏதாவது இருந்தால், படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்துக்கிடக்கும் செக்டர்கள் அவ்வளவு இருக்கின்றன.

அந்த நிலையில் கை வைக்கக் கூடாதவை இரண்டு: டீஃப்ராக்மென்ட், செக்டிஸ்க். இரண்டும் டிஸ்க் முழுவதையும் துழாவும். மூச்சிரைக்கும் டிஸ்கை அவை கொன்றே விடும். முதலில் தரவை வெளியே எடுங்கள். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ கொண்டு வேறு டிஸ்குக்கு நகல் எடுங்கள். படிக்க முடிகிற பகுதிகளை அது முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கிற இடங்களைக் கடைசிக்கு விட்டுவைக்கும். நகல் கையில் வந்த பிறகு மற்றதைப் பேசலாம்.

தரவு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் படித்து, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, வருடக்கணக்காகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். கணினி மெதுவானது. ஒரு கடையில் கொடுத்தார். “டி டிரைவ்ல இருக்குறது எதுவும் போகாது சார்” என்றார்கள். டி டிரைவில் இருந்தது போகவில்லைதான். அவர் வைத்திருந்ததோ டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும். அவை இரண்டும் சி டிரைவில் இருக்கின்றன என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. என்னிடம் வந்தபோது அதன்மேல் புதிய விண்டோஸ் ஏறியிருந்தது. சில துண்டுகள் மீண்டன, பல மீளவில்லை. அந்தக் கணினியின் உண்மையான கோளாறு என்ன தெரியுமா? சாட்டா கேபிள். சி7 என்ற வரிசையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. கேபிள் வழியில் தகவல் சிதைந்து திரும்பத் திரும்ப அனுப்பப்படுவதைக் குறிக்கும் வரிசை அது. வேறு கேபிள் மாற்றியதும் எண் நின்றது, கணினி ஓடியது. ஃபார்மட் அடித்தவர் அந்த வரிசையை ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

நம் ஊர்க் கணினிகளில் ஃபார்மட்டால் போவது கோப்புகள் மட்டுமல்ல. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய பத்திரங்கள், சங்கத் தீர்மானங்கள், மலர்க் கட்டுரைகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. எழுத்துரு விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும், ஃபார்மட்டில் போய்விடும். கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். “ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு” என்று வாடிக்கையாளர் தூக்கி எறிந்துவிடுவார். ஃபான்ட்ஸ் ஃபோல்டரை நகலெடுக்க ஒரு நிமிடம் போதும். டேலி தரவு எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அவுட்லுக் அஞ்சல் கோப்பு எங்கே, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் என்னவாகும் என்று அவர் கேட்க மாட்டார். அவருக்குத் தெரியாது. கேட்க வேண்டியது நாம்.

ஆனாலும் ஃபார்மட் அடித்ததும் வேகம் கூடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். கூடுகிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. டிஸ்கின் தொடக்கப் பகுதி தட்டின் வெளி விளிம்பில் இருக்கிறது. அங்கே ஒரு சுற்றில் கடக்கும் செக்டர்கள் உள்விளிம்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. புதிதாக நிறுவிய விண்டோஸ் கோப்புகள் அங்கே அடுத்தடுத்து உட்காருகின்றன. ஸ்டார்ட்அப்பில் ஏறும் கூட்டம் இன்னும் சேரவில்லை. கெட்டுப்போன செக்டர்கள் தற்செயலாக வேறு கோப்புகளுக்குக் கீழே போய்விடுகின்றன. சில வாரங்கள் ஓடும். பிறகு அப்டேட்கள் ஏறும், பழைய நிரல்கள் திரும்ப வரும், செக்டர்கள் மறுபடி கண்ணில் படும். அவர் திரும்பி வருவார், அல்லது வேறு கடைக்குப் போவார். அங்கும் ஃபார்மட் அடிப்பார்கள்.

அதிர்வும் டிஸ்கைத் தாமதப்படுத்தும். 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தினார். கத்திய நொடியில் டிஸ்குகளின் தாமதம் துள்ளி ஏறியதைத் திரை காட்டியது. அதன் காணொளி இன்றும் இருக்கிறது, பார்த்துவிடுங்கள். கேபினட்டின் மேலேயே சப்வூஃபரை ஏற்றிவைத்திருக்கும் வீடுகளும், திருகு இல்லாமல் டிஸ்க் ஆடிக்கொண்டிருக்கும் கேபினட்டுகளும் நமக்குப் புதிதல்லவே.

ராம் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. ராம் போதாமல் இருப்பது பல நேரம் டிஸ்க் கோளாறு போலவே தெரியும். இடம் போதாதபோது விண்டோஸ் ராமில் இருப்பதை எடுத்து டிஸ்கில் பேஜ்ஃபைலில் போட்டுப் போட்டு எடுக்கும். டிஸ்க் 100 சதவீதம் காட்டும், குற்றவாளி டிஸ்க் அல்ல. ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பக்கத்தில் ஹார்ட் ஃபால்ட் வரைகோடு இருக்கிறது. அது அடங்காமல் துள்ளிக்கொண்டிருந்தால், டாஸ்க் மேனேஜரில் கமிட்டட் என்ற எண் உள்ளே இருக்கும் ராமைவிட மிகவும் கூடுதலாக இருந்தால், ராம் போதவில்லை. 64 பிட் விண்டோஸ் 10-க்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் குறித்திருந்தது. அந்த 2 ஜிபியில் விண்டோஸ் எழுந்து நிற்கும், பக்கத்தில் ஒரு பிரவுசருக்குக்கூட இடம் இருக்காது. கூடவே விண்டோஸ் 32 பிட்டா என்றும் பாருங்கள். நாம்தான் முன்பு 32 பிட் போட்டுக் கொடுத்திருப்போம், அதில் எத்தனை ஜிபி சேர்த்தாலும் 4 ஜிபிக்குள்தான் பயன்படும்.

நான்காம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகளுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும். 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டுவிட்டு “போர்டு போச்சு” என்று சொல்லும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ செகண்ட்ஹேண்ட் ராம் வாங்கினால் மெம்டெஸ்டில் ஒரு சுற்றாவது ஓட்டிப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

சூடு. நம் ஊரில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். மே மாதத்து மதியம், மேலே தகரக் கூரை, மெத்தைமேல் வைத்த மடிக்கணினி, காற்றுப் போகும் வழியெல்லாம் அடைப்பு. இன்டெல் மடிக்கணினிச் சிப்புகளில் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் எரிந்துபோகாமல் இருக்கச் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ் என்று நிற்கும், பிராசசர் 100 சதவீதம் என்று காட்டும். பார்ப்பவர் “பிராசசர் பவர் பத்தல” என்று நினைப்பார். ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்தால் டிகிரி தெரியும், சிப் தன்னைக் குறைத்துக்கொண்டதா என்றும் அதிலேயே தெரியும்.

கழற்றிப் பார்த்தால் ஃபேனுக்கும் ஹீட்சிங்க் இதழ்களுக்கும் நடுவே தூசி கம்பளம்போல் படிந்திருக்கும். வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் அது போகாது, இன்னும் இறுகும். ஃபேனைக் கழற்றி, அந்தப் படலத்தை உரித்து எடுக்க வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுமீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும். காய்ந்த பேஸ்டைத் துடைத்து, மெல்லியதாகப் புதிது வையுங்கள். தெர்மல் பேட் இருந்த இடத்தில் அதே தடிமனில் பேட்தான் வைக்க வேண்டும், பேஸ்ட் அந்த இடைவெளியை நிரப்பாது. அதைக் கவனிக்காமல் மூடிய மடிக்கணினி முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

சூடு இல்லாமலேயே வேகம் பூட்டிக்கிடக்கும் மடிக்கணினிகளும் உண்டு. சில மாடல்கள் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் பிராசசர் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். அசல் சார்ஜர் பழுதாகி, கடையில் கிடைத்த ஏதோ ஒன்றை மாட்டியிருப்பார்கள், அன்றிலிருந்து மெதுவாகியிருக்கும். சிலவற்றில் பேட்டரியை எடுத்துவிட்டாலே இப்படி ஆகும். பவர் பிளான் “பவர் சேவர்” என்று கிடப்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பின்னால் ஓடும் நிரல்கள் விஷயத்தில் நம் கடைகளுக்கே ஒரு பொறுப்பு இருக்கிறது. ஆக்டிவேட்டர், கிராக் என்று நாம் ஏற்றிக் கொடுப்பவற்றோடு என்னென்ன உள்ளே போகிறது என்று நமக்குத் தெரியுமா? ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோவில் கல்யாண சீசனில் கணினி படுத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். சும்மா இருக்கும்போதும் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் இரைச்சல் அடங்கியது, பிராசசர் 5 சதவீதம் என்று காட்டியது. மூடியதும் மறுபடி இரைச்சல். டாஸ்க் மேனேஜர் திறப்பதைப் பார்த்து ஒளிந்துகொள்ளும் கிரிப்டோ மைனர் அது. அந்தக் கணினியில் வேறு யாருக்கோ காசு அச்சாகிக்கொண்டிருந்தது, மின் கட்டணம் ஸ்டூடியோக்காரருடையது. இப்படிப்பட்ட இடத்தில் டாஸ்க் மேனேஜரை நம்ப முடியாது, மார்க் ருஸ்ஸினோவிச் எழுதிய பிராசஸ் எக்ஸ்புளோரரையும் ஆட்டோரன்ஸையும் பயன்படுத்துங்கள். இரண்டும் இலவசம். ஃபார்மட் அடிப்பதற்கு உண்மையான நியாயம் இருக்கும் இடமும் இதுதான்: தீநிரல் வேரோடிய கணினி. தரவை எடுத்துவைத்துவிட்டுத் தாராளமாக அடியுங்கள், ஆனால் அதே ஆக்டிவேட்டரை மறுபடி ஏற்றாதீர்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடும் கணினிகள் அதிகம், ஒன்றை எடுத்துவிடுங்கள். வேகத்தைக் கூட்டுகிறோம் என்று வரும் கிளீனர்கள், ரெஜிஸ்ட்ரி துடைப்பான்கள் எதையும் ஏற்றாதீர்கள். ரெஜிஸ்ட்ரியைத் துடைப்பதால் வேகம் கூடாது. பெயர்பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே 2017-ல் தீநிரல் நுழைந்து, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போனது.

இத்தனையும் பார்த்த பிறகும் எல்லாம் சரியாக இருக்கும் கணினிகள் உண்டு. டிஸ்க் நலம், ராம் போதும், சூடு இல்லை. ஆனாலும் மெதுவாக இருக்கிறது. அப்போது சுமையைப் பார்க்க வேண்டும். 2010 வாக்கில் ஓர் இணையப் பக்கத்தின் இடைநிலை எடை அரை எம்பிக்கும் குறைவு, இன்று 2 எம்பிக்கு மேல். மென்பொருள் கனக்கும் வேகம் வன்பொருள் முன்னேறும் வேகத்தைவிடக் கூடுதல் என்று கணினி அறிவியலாளர் நிக்லாஸ் விர்த் 1995-லேயே எழுதினார். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் குறைபாடுகள் வெளியாகி, அவற்றை அடைக்கும் திருத்தங்கள் வந்தபோது, 2015 காலத்து ஹாஸ்வெல் சிப்புகளிலும் அதற்கு முந்தியவற்றிலும் வேகக் குறைவை உணரக்கூடும் என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. இதில் கணினி வைத்திருப்பவரின் தவறு ஏதுமில்லை. அவருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

யூடியூப் திணறுகிறது என்று வருபவர்களுக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கு ஹெச்.264 காணொளியைத் தானே விரிக்கத் தெரியும். யூடியூப் அனுப்புவதோ பெரும்பாலும் விபி9. அதை விரிக்கும் வேலை பிராசசர் தலையில் விழுகிறது. ஹெச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் நீட்சியைப் பிரவுசரில் போட்டால் பழைய மடிக்கணினி பெருமூச்சு விடாமல் படம் காட்டும். பாடக் காணொளி பார்க்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளும் நம் மேசைக்கு வருகின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம். அன்று பிளஸ் டூ படித்தவருக்கு இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டது. அந்த மடிக்கணினியில் இப்போது தம்பியோ மகளோ படிக்கிறார்கள். அந்த வீட்டில் இருக்கும் ஒரே கணினி அதுவாக இருக்கலாம். “இதெல்லாம் குப்பை, தூக்கிப் போடுங்க” என்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது. எஸ்எஸ்டி ஒன்று போட்டு, ராம் பொருத்த இடமிருந்தால் சேர்த்து, தூசி எடுத்துக் கொடுத்தால் இன்னும் சில வருடம் ஓடக்கூடியவை அவற்றில் நிறைய இருக்கின்றன.

இயங்குதளம் எது என்ற கேள்வி இப்போது கடினமாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0-வும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்று பலர் செய்கிறார்கள். 24ஹெச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ4.2 கட்டளைத் தொகுதி இல்லாத சிப்பில் அது பூட்டே ஆகாது. மற்றவற்றில் ஏறினாலும், அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகும் என்று உங்களால் உறுதி கொடுக்க முடியாது. அதைச் சொல்லாமல் காசு வாங்காதீர்கள்.

பிரவுசர், தட்டச்சு, பாடம், படம் என்று மட்டும் பயன்படுத்துபவருக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ லுபுன்டுவோ போட்டுக் கொடுங்கள். தமிழ்99 விசைப்பலகை அதில் வேலை செய்யும். போடுவதற்கு முன் பென்டிரைவிலிருந்து பூட் செய்து அவரையே உட்காரவைத்துக் காட்டுங்கள். அது இன்னொரு சோதனையும்கூட: பென்டிரைவில் கணினி சுறுசுறுப்பாக ஓடினால், பிராசசரும் ராமும் நலம், கோளாறு டிஸ்கிலோ விண்டோஸிலோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். டேலி வைத்திருக்கும் கடைக்காரரிடமும் ஃபோட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துபவரிடமும் லினக்ஸைத் திணிக்காதீர்கள். அவர்களுக்கு அது பயன்படாது.

சில கணினிகளுக்கு வழியே இல்லை. 2 ஜிபி ராம் போர்டோடு பற்றவைத்தது, 32 ஜிபி இஎம்எம்சி, மெல்லிய ஆட்டம் சிப் என்றிருக்கும் சின்ன மடிக்கணினிகளில் மாற்ற ஒன்றுமில்லை. அதை நேராகச் சொல்லுங்கள். சோதித்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். அடுத்த கணினி வாங்க அவர் உங்களிடம்தான் வருவார்.

கடைசியாக, கூலி. “பார்க்கிறதுக்கெல்லாம் யார் சார் காசு குடுப்பா? ஃபார்மட்னாதான் குடுக்கிறாங்க” என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது, உண்மையும்கூட. கையில் எதுவும் தெரியாத வேலைக்கு மக்கள் காசு கொடுக்கத் தயங்குவார்கள். அதனால் தெரியும்படி செய்யுங்கள். பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: டிஸ்க் ரெஸ்பான்ஸ் டைம் இவ்வளவு, சி5 இவ்வளவு, ராமில் இத்தனை ஜிபி பயன்பாடு, பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகு இத்தனை டிகிரி. வேலை முடிந்ததும் அதே எண்களை மறுபடி எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். என்ன மாறியது என்று அவர் கண்ணாலேயே பார்ப்பார். அடுத்த வருடம் அந்தக் கணினி வேறு கடைக்குப் போனாலும், அங்கே உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு அந்தச் சீட்டு உதவும்.

கழற்றிய பழைய டிஸ்கை உறையில் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுங்கள். வேண்டாம் என்று அவர் விட்டுச்சென்றால், முழுவதும் அழித்த பிறகே அது உங்கள் கடையை விட்டு வெளியே போக வேண்டும்.

அன்புடன்,
உங்களில் மூத்த ஒருவன்